வீட்டுக்குத் தெரியுமோ என்று கேட்டவர்

மனுவேற்பிள்ளை காலமான செய்தியை எங்கள் காரியாலயத்துக்குக் கொண்டுவந்தவர் அவருடைய ஊரவர் ஒருவர். நாரந்தனையில் தச்சு வேலை செய்தவர். இப்போது தீவார் பலரையும் போல இடம்பெயர்ந்து மானிப்பாய்ப் பக்கம் இருப்பவர். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றார். "மனுவல் அண்ணை விடியப்புறம் மோசம் போயிட்டார். தொய்வு கூடி மூச்செடுக்க ஏலாமல் போச்சு. பின்னேரம் அடக்கம். உங்களிட்டை முதல்லை சொல்லச் சொல்லி விட்டவை" என்றார். கையில் இருந்த அச்சுப் பிரதியை மேசையில் வைத்தேன். பிறகு அதையே எடுத்து ஒரே வரியை நாலு தரம் வாசித்தேன். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. ஏழு பிழை இருந்ததாக மறுநாள் வாசகர்கள் சொன்னார்கள்.

அது நடந்து இன்றைக்கு இருபத்துநாலு நாள். பத்து வருடத்துக்கு மேல் எங்கள் பத்திரிகையின் தீவுப்பகுதி நிருபராக இருந்த மனிதருக்கு இந்த இருபத்துநாலு நாளில் நாங்கள் ஒரு வரிகூடப் போடவில்லை. தீவகத்து மக்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். சந்தையில் மறித்தார்கள், கோயில் வாசலில் மறித்தார்கள். எழுவைதீவு ஆசிரியை ஒருவர், "உங்கடை பேப்பரிலை ஆட்டுக்குட்டி காணாமல் போனதெல்லாம் வருது. அந்த மனுசனுக்கு நாலு வரி எழுத உங்களுக்கு ஏலாதோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. வாயை மூடியிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். காரணம் ஒன்று இருந்தது. அதைச் சொல்வதற்கு முதல் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மனுவலுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்; நான்தான் மூத்தவன். அவர் நாரந்தனைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். நிருபர் வேலை பகுதிநேரம். ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டை எடுத்து, சின்னத் தீவுகளுக்கு வள்ளத்தில் அனுப்புவதும் அவர் பொறுப்புத்தான். தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட்டார்கள். கலியாணம் செய்யவில்லை. குடும்பம் என்று இருந்தது ஓர் அக்கா. பெயர் சிசிலியா, நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவர். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். மாதத்துக்கு ஒருதரம் மனுவல் நெடுந்தீவுக்குப் போய் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு வருவார். வந்த கிழமை முழுக்க அந்தக் கதைதான்.

நிருபர் என்ற வகையில் என்னைப் போன்ற செய்தி ஆசிரியனுக்கு அவர் ஒரு தலையிடி. சீனிப் பையைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதி, பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் சாவுச் செய்தி என்றால் மட்டும் ஒருநாள், இரண்டு நாள் பிந்தித்தான் வரும். "மனுவலின் செய்திகள் மூன்றாம் நாள் உயிர்த்தெழும்" என்று நான் காரியாலயத்தில் பகிடி பண்ணுவேன். அவருக்கும் சொன்னேன். வேதக்காரராக இருந்தும் கோபிக்கவில்லை. "உயிர்த்தெழும்பினது முதல்லை ஆருக்குத் தெரிஞ்சது எண்டு பாரும். வீட்டுக்காரருக்குத்தான். ஊருக்குப் பிறகுதான்" என்றார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அவர் பகிடியாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

விளங்கியது எண்பதுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதத்தில். பண்ணைப் பாலத்தால் தீவுக்குப் போய்வரக்கூடிய நாட்கள் அவை. ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்குப் போன வள்ளம் ஒன்று வாடைக்காற்றில் கவிழ்ந்துவிட்டதென்று மத்தியானம் தொலைபேசியில் தகவல் வந்தது. மனுவலை நம்பினால் மூன்றாம் நாள்தான் என்று நினைத்துக்கொண்டு, காரியாலய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

துறைமுகத்தில் சனம் நிறைந்திருந்தது. ஒரு தகப்பனும் மகளும் பிணமாகக் கரைக்கு வந்திருந்தார்கள். வள்ளக்காரரை உயிரோடு எடுத்திருந்தார்கள், ஆனால் அவர் அறிவு மயங்கிக் கிடந்தார். எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்ல வேறு ஆளில்லை. மணலில் மூன்று கடகங்கள் கிடந்தன. பனையோலைக் கடகங்கள், வாயைச் சாக்குத் துண்டால் மூடித் தைத்து, சாக்கின்மேல் நீல மையால் பெயர் எழுதியிருந்தது. இரண்டு பெயர் அந்தத் தகப்பனுடையதும் மகளுடையதும். மூன்றாவது பெயர் திரேசம்மா. பக்கத்தில் நின்ற ஒருவர், "சூசைப்பிள்ளையின்ரை மனிசி" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

மனுவல் அப்போதுதான் என்னைக் கண்டு கிட்ட வந்தார். இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தார். தேடப் போன ஆட்களோடு கடலில் இறங்கியிருக்கிறார். "ஐசே, அந்த மூண்டாவது பேரை வெட்டும்" என்றார். எழுவைதீவாரின் வழக்கத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். கடையில் சாமான் வாங்கி, கடகத்தில் போட்டுத் தைத்து, பெயரெழுதி வள்ளக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். ஆள் அதே வள்ளத்தில் போக வேண்டுமென்றில்லை. கடகம் தன்பாட்டில் போகும், வீட்டார் இறங்குதுறையில் எடுத்துக்கொள்வார்கள். "கடகம் வந்ததெண்டால் ஆள் வந்ததெண்டு இல்லை. காத்து விழட்டும், நான் தீவுக்குப் போய் வீட்டுக்குத் தெரியுமோ எண்டு பாத்திட்டுச் சொல்லுறன். ஒரு நாள் பொறும்."

"நாளைக்குப் போட்டால் அது செய்தியில்லை மனுவல், சரித்திரம்" என்றேன் நான். அந்த வசனம் அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உமக்கு அது செய்தி. அந்தாளுக்கு அது மனிசி" என்றார்.

நான் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு பட்டணத்துக்கு வந்துவிட்டேன். மறுநாள் முதற்பக்கத்தில், வேறெந்தப் பத்திரிகைக்கும் கிடைக்காத பெயர்களோடு, "வள்ளம் கவிழ்ந்து மூவர் பலி" என்று கொட்டை எழுத்தில் வந்தது. மூன்றாவது பெயர் திரேசம்மா. ஆசிரியர் என் முதுகில் தட்டினார்.

காலை எட்டு மணியிருக்கும், ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரிலிருந்து மனுவல் தொலைபேசியில் பேசினார். சத்தம் போடவில்லை. "ஐசே, கடகம் தைச்சுக் குடுத்த கடைக்காரரை இப்பதான் பிடிச்சனான். நேற்று அவரும் கடையைப் பூட்டிப்போட்டுத் தேடப் போயிட்டார். திரேசம்மா கடகத்தைக் குடுத்திட்டுப் பட்டணத்துக்கு பஸ் ஏறினவவாம். மோளுக்குப் பிள்ளைப்பேறு. ஆஸ்பத்திரிக்குப் போய் அவவைப் பாத்து, புருசனுக்கு ஒரு சொல்லு வாங்கிக்கொண்டு உடனை இஞ்சை வாரும். எழுவைதீவுப் பேப்பர்க் கட்டை நான் அனுப்பேல்லை. அதுக்கு மேலை குந்திக்கொண்டிருக்கிறன்."

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தேன். மகளின் கட்டில் ஓரத்தில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து, புதுப்பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் முதற்பக்கத்தில் சாகடித்த மனுசி! வள்ளம் கவிழ்ந்ததே அவருக்குத் தெரியாது. பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. "என்ன தம்பி, எங்கடை பேத்தியைப் பேப்பரிலை போடப் போறீரோ?" என்று கேட்டார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல், எழுவைதீவுக்குப் போகிறேன், வீட்டுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "பொம்பிளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் எண்டு சொல்லும். அந்தச் சுட்டி ஆட்டுக்குப் பழைய வாளியிலை தண்ணி வைக்க வேண்டாமெண்டு சொல்லும். அது குடியாது. அந்தாளுக்கு எத்தினை தரம் சொன்னாலும் மண்டையிலை ஏறாது" என்றார்.

ஊர்காவற்றுறையில் மனுவல் உண்மையாகவே கட்டின்மேல்தான் இருந்தார். ஆனால் பிணங்களைக் கொண்டு காலையில் போன வள்ளத்தில், யாரோ ஒருவர் வேறெங்கோ வாங்கிய ஒரு பிரதியையும் கொண்டுபோய்விட்டார். "கட்டை மறிச்சிட்டன். அந்த ஒண்டை மறிக்க ஏலாமல் போச்சு" என்றார். காற்று அடங்கியிருந்தது. இருவரும் வள்ளம் ஏறினோம். வழி முழுக்க அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சூசைப்பிள்ளையின் வளவில் அயலவர்கள் வந்து கூடிவிட்டார்கள். கோயிலிலிருந்து கதிரைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவர் மாமரத்தின் கீழ் நிலத்தில் இருந்தார். பக்கத்தில் எங்கள் பத்திரிகை மடித்தபடி கிடந்தது. பிறகு அயலவர்கள் சொன்னதைக் கேட்டபோதுதான் என் பிழையின் முழு அளவும் தெரிந்தது. கடகம் நனைந்து வந்ததென்று கேள்விப்பட்டபோது அந்த மனுசன் அசையவில்லையாம். "கடகம்தானே, அவள் பட்டணத்திலை நிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டு ஆட்டுக்குக் குழை வெட்டியிருக்கிறார். பத்திரிகையைக் கண்ட பிறகுதான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "பேப்பர்க்காரர் விசாரிக்காமல் போடுவாங்களோ?" என்று கேட்டாராம். கடலுக்கு அசையாத மனுசனை எங்கள் எழுத்து விழுத்திவிட்டது.

மனுவல் அவர் முன்னால் குந்தி இருந்து, "அண்ணை, திரேசம்மா அக்கா உயிரோடை இருக்கிறா. இவர் இண்டைக்குக் காலமை கண்டு கதைச்சிட்டு வாறார்" என்றார். அந்த மனுசன் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். பேத்தி பிறந்ததைச் சொன்னேன், அதற்கும் தலையாட்டல்தான். பிறகு எனக்கு நினைவு வந்து, "சுட்டி ஆட்டுக்குப் பழைய வாளியிலை தண்ணி வைக்க வேண்டாமாம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, பழைய வாளியை வாயால் தொடாமல் நின்ற ஆட்டைப் பார்த்தார். "அது அவள்தான்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஒரு ஆம்பிளை ஊர் நடுவில் எப்படி அழக்கூடாதென்று சொல்வார்களோ அப்படி அழுதார்.

அழுது முடிய, "ஆர் இதைப் பேப்பரிலை போட்டது?" என்று கேட்டார். வளவில் இருந்த அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். மனுவல் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாங்கள்தான் அண்ணை போட்டனாங்கள். பிழை எங்கடை. மன்னிக்க வேணும்."

அவர் போடவில்லை. போட வேண்டாமென்று கெஞ்சியவர் அவர். "நான் தடுத்தனான், இவர்தான் கேக்கேல்லை" என்று சொல்லியிருந்தால் அது முழு உண்மை. அந்தத் தீவில் நாளைக்கும் முகம் கொடுக்க வேண்டியவர் அவர்தான், நானல்ல. வாழ்நாளில் எனக்கு யாராவது ஒரு உபகாரம் செய்திருந்தால் அது அதுதான். அவருக்கு நான் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. இதில் சொல்லிக்கொள்கிறேன்.

சூசைப்பிள்ளை எழும்பிப் போய் எங்களுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். அயலவர்கள் கதிரைகளை, அதே தெருவில் இருந்த உண்மையான செத்தவீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். மனுவலும் இரண்டு கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அங்கே பந்தல் கட்டினார், தண்ணீர் அள்ளினார். புறப்படும்போது, "ஏதும் குறிச்சனீரோ?" என்று கேட்டேன். "பேனை கொண்டு வரேல்லை" என்றார். "முதல் நாள் சனத்துக்காகப் போறது. இரண்டாம் நாள்தான் பேப்பருக்காகப் போறது. ரெண்டையும் ஒரே நாளிலை செய்ய எனக்கு ஏலாது." அவருடைய செய்திகள் ஏன் பிந்தி வந்தன என்பது அப்போது விளங்கியது. அவை பிந்தி வந்தாலும் ஒரு பிழையில்லாமல், வயது, உறவு, அடக்க நேரம், வள்ளம் புறப்படும் நேரம் எல்லாவற்றோடும் ஏன் வந்தன என்பதும் விளங்கியது.

கதை அதோடு முடியவில்லை. திரும்பும் வள்ளத்தில் மனுவல் திடீரென்று, "ஐசே, துறையிலை சொன்னவை, அந்த வள்ளக்காரருக்கு அறிவு வந்திட்டுதாம். மூண்டு பேர் ஏறினவை எண்டு சொல்லுறாராம். அப்ப மூண்டாவது ஆள் ஆர்?" என்று கேட்டார். எங்கள் தலைப்பின் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. கடகம் வைத்திருந்த ஒருவரைச் சாகடித்து, கடகம் இல்லாத ஒருவரை நாங்கள் விட்டுவிட்டோம். வள்ளக்காரருக்கு அந்த ஆளின் பெயர் தெரியாது. தோளில் ஒரு துணிப்பையோடு வந்தவர் என்று மட்டும்தான் சொன்னார். இரண்டு நாள் கழித்து உடல் கரை ஒதுங்கியது. யாரும் உரிமை கேட்டு வரவில்லை.

நாலு நாள் சங்கக்கடையைப் பூட்டிவிட்டு மனுவல் மீன்வாடி மீன்வாடியாக அலைந்தார். கருவாடு காயப்போடும் வாடி ஒன்றில்தான் விடை கிடைத்தது. மலைநாட்டிலிருந்து எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் எல்லாம் இழந்து வந்து, அங்கே கூலிக்கு நின்ற செல்வராசா என்பவர். மனைவி தேயிலைத் தோட்டத்திலேயே இருந்தார். மனுவல் அந்தத் தோட்டத்துத் தபாற்காரருக்கு எழுதினார்: கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகாமல், உறவினர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் வாயால் சொல்லும்படி. பதில் வர இரண்டு கிழமைக்கு மேலாயிற்று. அதுவரை பெயரை எனக்குக்கூடச் சொல்லவில்லை. "உம்மடை வாயை எனக்குத் தெரியும்" என்றார்.

திருத்தம் போடும் விடயத்தில் ஆசிரியரோடு ஒரு யுத்தமே நடந்தது. நாலாம் பக்க மூலையில் "வருந்துகிறோம்" என்று இரண்டு வரி போதும் என்றார் ஆசிரியர். அதுதான் வழக்கம். மனுவல் தீவிலிருந்து பஸ் ஏறி வந்து மேசைக்கு முன்னால் நின்றார். "சாகடிச்சது முதற்பக்கத்திலை. உயிர் குடுக்கிறது நாலாம் பக்கத்திலையோ?" என்று கேட்டார். ஆசிரியர் எழுதுகோலைக் கொடுத்தார். மனுவல் எழுதியது இதுதான்: "எழுவைதீவு திரேசம்மா சுகமாக இருக்கிறார். கடகத்தைக் கண்டு ஆளென்று எழுதினோம். வீட்டாரைக் கேட்கவில்லை. பிழை எங்களுடையது." அதே இடம், அதே கொட்டை எழுத்து. செல்வராசாவின் செய்தியும் பிறகு அதே இடத்தில்தான் வந்தது. தீவாரிடம் எங்கள் பத்திரிகைக்கு மதிப்புக் குறையவில்லை. எழுவைதீவுக் கட்டு அந்த மாதமே கூடியது. முதல் புதுச் சந்தாக்காரர் சூசைப்பிள்ளை.

சண்டையில் சனம் இடம்பெயர்ந்து தீவகம் வெறித்துப்போன பிறகு மனுவல் பட்டணத்துக்கு வந்து, ஒன்றுவிட்ட தங்கை வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, எங்களிடம் அச்சுப்பிழை பார்க்க வந்தார். பொருளாதாரத் தடையால் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடிக்கிற இந்தக் காலத்தில், சாவு இல்லாத பக்கம் ஒன்றும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. ஷெல் விழுந்தது, பெயர் இதோ என்று புது நிருபர்கள் ஓடி வருவார்கள். மனுவல் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புவார்: "வீட்டுக்குத் தெரியுமோ?" முதலில் அவர்கள் சிரித்தார்கள். பிறகு அந்தத் தாளைக் கொண்டுபோய், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள்.

அவருடைய அடக்கம் முடிந்த அன்றே காரியாலயத்தில் முதற்பக்கத்துக்குச் செய்தி தயாராகிவிட்டது. படமும் எடுத்து வைத்தார்கள். தாள் என் கைக்கு வந்தது. அதன் ஓரம் வெறுமையாக இருந்தது. பென்சிலை எடுத்தேன், அந்த இரண்டு சொல்லை நானே எழுதினேன். சிசிலியா அக்கா நெடுந்தீவில் இருந்தார். தீவுகள் கடற்படையின் கையில் இருந்ததால் அங்கே போக எங்களுக்கு வழியில்லை, கொழும்பைச் சுற்றித்தான் கடிதம் போகும். ஆனால் எங்கள் பத்திரிகை எப்படியோ கைமாறிக் கைமாறி அங்கும் போய்ச் சேருவதுண்டு. கொழும்புக்குப் போன ஒருவரிடம், நெடுந்தீவுப் பங்குச் சாமியாருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன்: வீட்டுக்குப் போய், பக்கத்தில் இருந்து, வாயால் சொல்லும்படி. பிறகு காத்திருந்தேன். நீங்கள் ஏசினீர்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பதில் வந்தது. அக்காவின் கையெழுத்து, தம்பியின் எழுத்தைப் போலவே முத்து முத்தாக இருக்கிறது. "சாமியார் வந்து பக்கத்தில் இருந்து சொன்னார். தம்பி போன சேதி பேப்பரில் வரவில்லை என்றும் சொன்னார். எனக்குச் சொல்ல முதல் போட்டிருந்தால் அவன் உங்களைச் சும்மா விட்டிருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். காத்திருந்ததற்கு நன்றி. இனிப் போடுங்கோ."

அவருடைய மேசையில் இருந்த பென்சில் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் இன்னும் அரைவாசி மிச்சம். அந்தத் தாளின் ஓரத்தில் நான் அன்று எழுதியிருந்த கேள்விக்குக் கீழே, அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல், அதே பென்சிலால் பதிலும் எழுதினேன்.

வீட்டுக்குத் தெரியும், மனுவல். போடுகிறேன்.